சைட்டேஷன் எண்ணிக்கையைப் பார்த்துப் பரிசு கொடுக்கலாமா?

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதம் நீளமானது, முக்கியமான பகுதியை மட்டும் கீழே கொடுக்கிறேன்.

"எங்கள் அப்பச்சி காசநோயில் தவறியவர். அவர் பேரில் நாங்கள் நடத்தும் சிறிய அறக்கட்டளை சார்பாக, இந்த வருஷத்திலிருந்து மருத்துவ ஆராய்ச்சி செய்யும் தமிழ்நாட்டு விஞ்ஞானி ஒருவருக்கு 2 லட்ச ரூபாய் பரிசு கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். வந்த விண்ணப்பங்களில் மூன்று மிஞ்சியிருக்கின்றன. முதலாமவர் தனியார் பல்கலைக்கழகப் பேராசிரியர், 243 கட்டுரைகள், எச்-இண்டெக்ஸ் 46, போன வருஷம் மட்டும் 41 கட்டுரைகள், 'உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானி' என்று சான்றிதழ் வைத்திருக்கிறார். இரண்டாமவர் அரசு மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் டாக்டர். ஸ்கரப் டைஃபஸ் காய்ச்சல் பற்றி 34 கட்டுரைகள், எச்-இண்டெக்ஸ் 13. மூன்றாமவருக்கு எச்-இண்டெக்ஸ் 19தான், ஆனால் மொத்த சைட்டேஷன் 38,000. சென்னையில் ஐடி வேலை பார்க்கும் என் பேரன், 'இதில் யோசிக்க என்ன இருக்கு ஆயா, கூகுள் ஸ்காலரில் யாருக்கு அதிகமோ அவருக்குக் கொடுங்கள்' என்கிறான். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்கு இந்த எண்களைப் பார்த்தால் ஏதோ இடிக்கிறது. பிள்ளையார் நோன்புக்குச் சொந்தமெல்லாம் ஊருக்கு வரும்போது விழா வைக்க ஆசை. எப்படித் தேர்ந்தெடுப்பது?"

ஆச்சி, வணக்கம்.

இடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது சரியான இடத்தில்தான் இடிக்கிறது. இந்த மூன்று பேரையும் அந்த எண்களை வைத்து வரிசைப்படுத்த முடியாது. மூன்று பேரும் மூன்று விதமான வேலை செய்கிறவர்கள், அந்த எண்கள் மூன்று விதமான காரணங்களால் வந்தவை. மருத்துவ ஆராய்ச்சி நூலகத்தில் இந்த எண்களைத் தொகுத்துக் கொடுப்பதுதான் என் தொழில், அதனால் அவை எங்கே பயன்படும், எங்கே ஏமாற்றும் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். நீங்கள் கணக்கு டீச்சர் என்பதால் கணக்காகவே சொல்லலாம், அது எனக்கும் வசதி.

ஒரு கட்டுரையை இன்னொரு கட்டுரை மேற்கோள் காட்டினால் அது ஒரு சைட்டேஷன். இதை முறையாகத் தொகுக்கலாம் என்று 1955-ல் சயன்ஸ் இதழில் யோசனை சொன்னவர் யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர். ஒரு கருத்து எங்கே தொடங்கியது, அதை யார் எடுத்துக்கொண்டார்கள், யார் மறுத்தார்கள் என்று நூலகத்தில் தேடிப் பிடிக்க வழி வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். அறுபதுகளில் அந்த அட்டவணை புத்தகமாக வரத் தொடங்கியது. ஆளுக்கு மார்க் போடும் பழக்கம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டதுதான் இன்று வேலை, பதவி உயர்வு, உங்கள் மேஜைக்கு வந்திருக்கும் பரிசு விண்ணப்பம் வரைக்கும் எல்லாவற்றையும் பிடித்து ஆட்டுகிறது.

எச்-இண்டெக்ஸுக்கு வருவோம். 2005-ல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்தது. ஒருவரின் கட்டுரைகளை அதிக சைட்டேஷன் வாங்கியதிலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டு மேலிருந்து எண்ணிக்கொண்டே வர வேண்டும், எத்தனையாவது கட்டுரை வரைக்கும் குறைந்தது அத்தனை சைட்டேஷன் இருக்கிறதோ அதுதான் அவருடைய எச். ஐந்து கட்டுரை எழுதிய ஒருவருக்கு 50, 18, 6, 4, 2 என்று சைட்டேஷன் இருந்தால் எச் 4. இன்னொருவருக்கு 900, 300, 40, 4, 1 என்றிருந்தாலும் 4. ஐந்திலும் நான்கு நான்காக வாங்கியவருக்கும் அதே 4. கரும்பலகையில் இந்த மூன்று வரிசையையும் எழுதி மூவரும் சமமா என்று கேட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளை சிரித்துவிடும், ஆனால் எத்தனையோ தேர்வுக்குழுக்களில் இந்த ஓர் எண்ணோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இன்னும் ஒன்று, எச் ஏறுமே தவிர இறங்காது. ஒருவர் ஆராய்ச்சியை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டாலும் பழைய கட்டுரைகளுக்கு வரும் சைட்டேஷனில் அது ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே வயது கூடியவருக்கும் இளையவருக்கும் நடுவே அதை வைத்து ஒப்பிடவே கூடாது. துறைக்குத் துறையும் மாறும். ஹிர்ஷ் தன் முதல் கட்டுரையிலேயே இதைக் காட்டினார்: இயற்பியலில் அப்போது உச்சத்தில் இருந்த எட்வர்ட் விட்டனுக்கு எச் 110, உயிரியலில் உச்சத்தில் இருந்த சாலமன் ஸ்னைடருக்கு 191. உயிர்மருத்துவத் துறையில் ஆட்கள் அதிகம், கட்டுரைகள் அதிகம், ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் வரும் மேற்கோள் பட்டியலும் நீளம், அதனால் எண்களெல்லாம் பெரிதாக இருக்கும். அந்தத் துறைக்குள்ளேயே புற்றுநோய்க்கு ஓர் அளவு, ஸ்கரப் டைஃபஸுக்கு வேறு அளவு. புற்றுநோய்க் கட்டுரையை மேற்கோள் காட்ட உலகம் முழுக்க ஆய்வகங்கள் இருக்கின்றன. வயல்வெளியிலும் புதர்க்காட்டிலும் இருக்கும் சின்னஞ்சிறு உண்ணிப்பூச்சி கடித்து வரும் காய்ச்சலை ஆராய்கிறவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான், அவர்களில் பெரும்பாலோர் ஆசியாவில் இருக்கிறார்கள். உங்கள் இரண்டாமவரின் 13 அந்தச் சின்னக் கூட்டத்துக்குள் வாங்கியது. அதை முதலாமவரின் 46-க்குப் பக்கத்தில் வைத்துச் சின்னது என்று சொல்வது நியாயமில்லை.

அடுத்து, எந்த இடத்திலிருந்து எடுத்த எண் என்று பாருங்கள். கட்டுரைகளையும் சைட்டேஷன்களையும் தொகுக்கும் தளங்களான கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் மூன்றும் ஒரே ஆளுக்கு மூன்று எண் கொடுக்கும். பொதுவாகக் கூகுள் ஸ்காலரில்தான் அதிகம் வரும், ஏனென்றால் அது ஆய்வேடு, மாநாட்டுத் தாள், இணையத்தில் போட்ட வரைவு என்று அகப்பட்டதையெல்லாம் எண்ணுகிறது. முதலாமவர் கூகுளிலிருந்தும் இரண்டாமவர் ஸ்கோபஸிலிருந்தும் எடுத்துக் கொடுத்திருந்தால் உங்கள் ஒப்பீடு தொடக்கத்திலேயே தப்பு. விண்ணப்பத்தில் யாரும் அதைக் குறிப்பிடவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. கேட்டு வாங்குங்கள்.

நம் ஊர்ப் பெயர்களால் வரும் குழப்பம் தனி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கட்டுரையில் ஒரு தடவை இனிஷியல் முன்னால் வரும், ஒரு தடவை பின்னால் வரும், வெளிநாட்டு ஜர்னல் படிவம் கட்டாயமாக 'கடைசிப் பெயர்' கேட்கும்போது அப்பா பெயர் கடைசியில் போய் உட்காரும், கல்யாணத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு இனிஷியலே மாறும். ஒரே ஆள் ஸ்கோபஸில் மூன்று ஆளாகப் பிரிந்து கிடப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அப்படிப் பிரிந்தவருக்கு உள்ளதை விடக் குறைவான எண் வரும். மறுபக்கம் குமார், முருகன், லட்சுமி மாதிரிப் பெயர்களில் ஏழெட்டுப் பேரின் கட்டுரைகள் ஒரே கணக்கில் சேர்ந்துவிடும். கூகுள் ஸ்காலர் தானாகவே 'இது உங்கள் கட்டுரையா' என்று சேர்த்துக்கொண்டே போகும், கணக்குக்கு உரியவர் உட்கார்ந்து நீக்காவிட்டால் யாரோ எழுதியதும் இவர் பேரில் நிற்கும், அதில் அவருடைய கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்கத் தேவையில்லை. இதற்காகத்தான் 2012-ல் ஆர்சிட் என்ற 16 இலக்க எண் வந்தது, ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவருக்கும் ஒன்று, இலவசம். மூவரிடமும் ஆர்சிட் எண் கேளுங்கள். ஒருவர் 243 கட்டுரை என்கிறார், ஆர்சிட் பக்கத்தில் 160 இருக்கிறது என்றால், அந்த வித்தியாசம் ஏன் என்று மரியாதையாகக் கேட்டுவிடலாம்.

மூன்றாமவரின் 38,000-ஐப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், ஆச்சி. எச் 19, மொத்தம் 38,000 என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்: ஒரு சில கட்டுரைகள் மட்டும் மலைபோல் வாங்கியிருக்கின்றன. உலக நோய்ச் சுமை ஆய்வு மாதிரி, பல நாட்டு ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து எழுதும் கட்டுரைகள் உண்டு, அவை வந்தவுடன் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், அதில் பங்கெடுத்த ஒவ்வொருவர் கணக்கிலும் அந்த முழுத் தொகையும் ஏறிவிடும். பங்கு போடுவதில்லை. அப்படிப்பட்ட ஆய்வில் நம் மாநிலத்துத் தரவைச் சுத்தமாகச் சேகரித்துக் கொடுத்தவர் செய்ததும் பெரிய வேலைதான், நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் 38,000 பேர் இவருடைய கண்டுபிடிப்பைத் தேடிவந்தார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இவர் தானே முன்னின்று செய்த ஆராய்ச்சி எது என்பதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதைத் தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி, பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பது. கணிதத்தில் ஆசிரியர் பெயர்களை அகரவரிசையில் போடுவது வழக்கம். உயிர்மருத்துவத்தில் அப்படி இல்லை. முதல் பெயர் பெரும்பாலும் வேலையைக் கையால் செய்தவர், கடைசிப் பெயர் அந்த ஆய்வகத்தை நடத்துகிறவர், யோசனையும் பணமும் பொறுப்பும் அவருடையது. நடுவில் இருப்பவர்கள் உதவியவர்கள். அந்த உதவி பெரிதாகவும் இருக்கலாம், ஒரு ரத்த மாதிரியைக் கொடுத்ததாகவும் இருக்கலாம். ஒவ்வொருவருக்கும் முதல் அல்லது கடைசிப் பெயராக இருக்கும் கட்டுரைகளை மட்டும் தனியே பிரித்து எண்ணச் சொல்லுங்கள் பேரனை. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் இலவசமாகவே செய்யலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதற்குப் பிறகு உங்கள் மூன்று பேரின் படமும் வேறு மாதிரி தெரியும் என்பது என் அனுமானம்.

இனி முதலாமவர். போன வருஷம் 41 கட்டுரைகள். 365-ஐ 41-ஆல் வகுத்தால் ஒன்பது நாளைக்கு ஒரு கட்டுரை. பெரிய ஆய்வகம், நிறைய மாணவர்கள், பல கூட்டாளிகள் இருந்தால் இது நடக்கலாம், ஆகவே எண்ணை மட்டும் வைத்துக் குற்றம் சாட்ட மாட்டேன். ஆனால் நீங்கள் அனுப்பிய பட்டியலில் தலைப்புகளைப் பார்த்தேன், புற்றுநோய், சர்க்கரை நோய், கோவிட், தண்ணீர் சுத்திகரிப்பு, நானோ துகள், பாக்டீரியா எதிர்ப்பு என்று எல்லாம் ஒரே வருஷத்தில் இருக்கின்றன. ஒரு மனிதர் இத்தனையிலும் ஆழமாக யோசித்திருக்க முடியுமா என்ற கேள்வி வரத்தான் செய்யும். மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த விதிப்படி, ஆய்வின் திட்டத்திலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்பது என்ற நான்கும் சேர்ந்து இருந்தால்தான் ஒருவர் கட்டுரையின் ஆசிரியர் ஆக முடியும். இந்த நான்கையும் ஒன்பது நாளைக்கு ஒரு முறை செய்தாரா என்று அவரிடமே கேட்கலாம். நல்ல பதில் அவரிடம் இருக்கவும் கூடும்.

சைட்டேஷனிலும் மொய் உண்டு, ஆச்சி. நீ என் வீட்டு விசேஷத்துக்கு எழுதினால் நான் உன் வீட்டுக்கு எழுதுகிறேன் என்கிற மாதிரி, ஒரு பத்துப் பேர் ஒருவரையொருவர் மாற்றி மாற்றி மேற்கோள் காட்டிக்கொள்வார்கள். விசேஷ மொய்யாவது நல்லது கெட்டதுக்கு உதவும். இது யாருக்கும் எதையும் தெரிவிப்பதில்லை, கட்டுரையின் விஷயத்துக்குத் துளியும் சம்பந்தமில்லாத பத்து மேற்கோள் கடைசிப் பத்தியில் வந்து நிற்கும். தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவது வேறு, அது அளவோடு இருந்தால் இயல்பானது, தொடர்ச்சியாக ஒரே விஷயத்தில் வேலை செய்கிறவர் தன் முந்தைய வேலையைச் சொல்லாமல் எப்படி எழுதுவார்? அளவு மீறினால்தான் கவனிக்க வேண்டும்.

அந்த '2 சதவீத' சான்றிதழைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் கல்லூரி வாசலுக்கு வாசல் இப்போது அந்த ஃபிளெக்ஸ்தான். அது விருது கிடையாது, யாரும் கூடிப் பேசித் தேர்ந்தெடுத்ததும் கிடையாது. ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஜான் அயோனிடிஸும் அவருடைய கூட்டாளிகளும் ஸ்கோபஸ் தரவை வைத்து ஆறு அளவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு வெளியிடும் ஒரு பெரிய எக்செல் அட்டவணை. அதில் வாழ்நாள் கணக்கு ஒன்று, ஒரே ஒரு வருஷக் கணக்கு ஒன்று என்று இரண்டு உண்டு, ஃபிளெக்ஸில் இது எது என்று போடுவதில்லை. ஆனால் அந்த அட்டவணை கவனமாகச் செய்யப்பட்டது, எனக்கு அதில் மரியாதை உண்டு, தன்னைத்தானே மேற்கோள் காட்டிய சதவீதமும், அண்மைப் பதிப்புகளில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இருக்கும். கோப்பு இலவசம். பேரனை அதை இறக்கி முதலாமவரின் வரியில் அந்த இரண்டு கட்டங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். சான்றிதழை விட அந்த இரண்டு கட்டங்கள் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

திரும்பப் பெறுதல் என்பது சின்ன விஷயம் இல்லை. 2023-ல் மட்டும் ஹிந்தாவி என்ற பதிப்பகத்தின் ஜர்னல்களிலிருந்து 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை அதன் உரிமையாளரான வைலி நிறுவனம் வாபஸ் வாங்கியது. பெரும்பாலானவை 'சிறப்பிதழ்' என்ற பெயரில் சரியான மதிப்பாய்வு இல்லாமல் உள்ளே வந்தவை. ரிட்ராக்ஷன் வாட்ச் என்ற தரவுத்தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம், அதுவும் இலவசம். வாபஸ் ஆன ஒரு கட்டுரைக்காக ஒருவரை ஒதுக்கிவிடாதீர்கள், நேர்மையாகத் தானே பிழையைக் கண்டு வாபஸ் வாங்குகிறவர்களும் உண்டு. காரணம் என்ன என்று அந்தக் குறிப்பிலேயே எழுதியிருக்கும், அதைப் படியுங்கள்.

இம்பாக்ட் ஃபாக்டர் என்று மூவரும் எழுதியிருக்கிறார்களே, அது ஜர்னலின் எண், ஆளின் எண் அல்ல. ஒரு ஜர்னல் முந்தைய இரண்டு வருஷத்தில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த வருஷம் சராசரியாக எத்தனை சைட்டேஷன் வந்தது என்பதுதான் அது. சராசரி என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: பத்துக் கட்டுரையில் ஒன்று 91 வாங்கி மற்ற ஒன்பதும் ஆளுக்கு ஒன்று வாங்கினாலும் சராசரி 10 வந்துவிடும், வரிசையில் நடுவில் நிற்கும் இடைநிலையை எடுத்தால் 1. நிஜமாகவே நடந்தது இது. ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற ஜர்னலின் இம்பாக்ட் ஃபாக்டர் 2 அளவில் இருந்து, 2009-ல் ஒரே தாவாக 49-க்கு மேல் போனது. காரணம் 2008-ல் ஷெல்ட்ரிக் எழுதிய ஒரே ஒரு கட்டுரை, படிக அமைப்பைக் கண்டுபிடிக்க எல்லோரும் பயன்படுத்தும் மென்பொருளைப் பற்றியது. அந்த வருஷம் அதே ஜர்னலில் எழுதிய மற்றவர்களுக்கும் பயோடேட்டாவில் 49 போட்டுக்கொள்ள முடிந்திருக்கும். இப்படி ஜர்னலின் எண்ணை ஆளுக்கு ஒட்டக் கூடாது என்பதற்காகவே 2012-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கூடிய ஜர்னல் ஆசிரியர்கள் ஒரு பிரகடனம் தயாரித்தார்கள், டோரா என்பார்கள், உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. நீங்களும் இம்பாக்ட் ஃபாக்டர் கட்டத்தை விண்ணப்பப் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

அப்படியானால் சைட்டேஷனுக்கு மதிப்பே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஒரு கட்டுரையை எத்தனை பேர் எடுத்துப் பயன்படுத்தினார்கள் என்று அது சொல்லும். புரதத்தை அளக்க லவ்ரி 1951-ல் சொன்ன முறை 3 லட்சத்துக்கும் மேல் சைட்டேஷன் வாங்கியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லப்பிரகட சுப்பாராவ், ஃபிஸ்க்கோடு சேர்ந்து 1925-ல் எழுதிய பாஸ்பரஸ் அளக்கும் முறையை உயிர்வேதியியல் மாணவர்கள் இன்னும் ஆய்வகத்தில் செய்கிறார்கள். முறைகளுக்கு அப்படித்தான் சைட்டேஷன் வரும், எல்லோருக்கும் தேவைப்படுவதால். ஆனால் எதைக் கண்டுபிடித்தார், அது யார் உயிரைக் காப்பாற்றியது என்ற கேள்விக்கு அந்த எண்ணில் பதில் கிடையாது.

காலரா கிருமி குடலில் கக்கும் நச்சுதான் உடம்பின் தண்ணீரை வற்ற வைக்கிறது என்று கல்கத்தாவில் சம்பு நாத் டே 1959-ல் நேச்சர் இதழில் எழுதினார். மிகக் குறைந்த வசதியில், முயல் குடலை வைத்துச் செய்த வேலை. வெகு காலம் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. சைட்டேஷன் அட்டவணையை உண்டாக்கிய அதே கார்ஃபீல்டே, டே இறந்த மறு வருஷம் 1986-ல், இந்தக் கட்டுரைக்கு மதிப்பு எவ்வளவு தாமதமாக வந்தது என்று எழுத வேண்டியிருந்தது. டே உயிரோடு இருந்தவரை நம் நாட்டு அறிவியல் அகாடமி எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. அன்று உங்களைப் போல ஓர் அறக்கட்டளை கட்டுரையைப் படித்துப் பார்த்திருந்தால் அவரைக் கண்டுபிடித்திருக்கலாம், எண்ணைப் பார்த்திருந்தால் முடிந்திருக்காது. இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963-ல் கொடுத்த வரைபடத்தை வைத்துத்தான் இன்றும் புரத அமைப்பு சரியா என்று சோதிக்கிறார்கள், ஆனால் 'ராமச்சந்திரன் பிளாட்' என்று பெயரைச் சொல்லிவிட்டு மூலக் கட்டுரையை மேற்கோள் காட்டாமலே போகிறவர்கள் ஏராளம், அந்த அளவுக்குப் பாடப்புத்தகமாகிவிட்டது.

உங்கள் அப்பச்சியின் நோயையே எடுத்துக்கொள்ளுங்களேன். சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தால்தான் காசநோய் தீரும் என்று உலகமே நம்பிய காலத்தில், 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய ஆராய்ச்சி நிறுவனம், நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமாகிறார்கள் என்று 1959-ல் காட்டியது. கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. அதற்குப் பிறகுதான் பல நாடுகளில் சிகிச்சை முறையே மாறியது, வேலையையும் வீட்டையும் விட்டு வருஷக்கணக்கில் போய்ப் படுக்க வேண்டிய கட்டாயம் போனது. அந்த ஆய்வின் பயனை எந்த எச்-இண்டெக்ஸில் எழுதுவது? உங்கள் பரிசு இப்படிப்பட்ட வேலையைத் தேடிப் போக வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மூவருக்கும் ஒரே கடிதம் எழுதுங்கள். உங்கள் வாழ்நாள் வேலையில் சிறந்தது என்று நீங்களே கருதும் ஐந்து கட்டுரைகளை மட்டும் அனுப்புங்கள், ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் தமிழில் எழுதுங்கள்: என்ன கேள்வி, என்ன தெரிய வந்தது, அதில் நீங்கள் செய்தது எது, அதை அப்புறம் யார் எதற்குப் பயன்படுத்தினார்கள். அவ்வளவுதான். தமிழில் கேட்பதற்குக் காரணம், உங்கள் குழுவில் இருப்பவர்கள் தாங்களே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது. தன் வேலையை நன்றாகத் தெரிந்தவரால் அரைப் பக்கத்தில் சொல்லிவிட முடியும். 243-ல் ஐந்தைத் தேர்ந்தெடுக்கச் சிரமப்படுகிறவரையும் அப்போது பார்ப்பீர்கள்.

வந்த 15 கட்டுரைகளின் பப்மெட் எண்களை ஐசைட் என்ற தளத்தில் பேரனைப் போடச் சொல்லுங்கள், அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனம் இலவசமாக நடத்துவது. அது ஒரு கட்டுரையை அதே துறையில் அதே வருஷம் வந்தவற்றோடு ஒப்பிட்டு ஓர் எண் கொடுக்கும். அந்த நிறுவனம் பணம் கொடுத்து வந்த கட்டுரைகளின் இடைநிலை 1, அதற்கு மேல் எவ்வளவு கீழ் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளலாம். ஸ்கரப் டைஃபஸ்காரரையும் புற்றுநோய்க்காரரையும் ஒரு மாதிரியாவது பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தெரிந்ததில் இதுதான் நல்ல வழி. எந்தக் கட்டுரை சிகிச்சை ஆய்வுகளில் மேற்கோள் ஆகியிருக்கிறது என்றும் அதே தளம் காட்டும், உங்களுக்கு அதுதான் முக்கியம். நோயாளிகளை வைத்து மருந்துப் பரிசோதனை செய்திருக்கிறோம் என்று யாராவது எழுதியிருந்தால் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடான சிடிஆர்ஐ-யின் பதிவு எண் கேளுங்கள், 2009 ஜூனிலிருந்து நம் நாட்டில் மருந்துப் பரிசோதனைகளை அதில் பதிவு செய்வது கட்டாயம்.

அப்புறம் அந்தந்தத் துறையில் இருக்கும் இரண்டு பேரிடம் ஐந்து கட்டுரைகளையும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். விண்ணப்பித்தவரோடு சேர்ந்து எழுதியவராகவோ அவருடைய கைடாகவோ மாணவராகவோ இருக்கக் கூடாது. சும்மா கேட்காமல் ஒரு மதிப்பூதியம் கொடுங்கள், அப்போதுதான் முழுதாகப் படிப்பார்கள். காசு கொடுத்தால்தான் திறக்கும் கட்டுரைகளைப் பற்றிக் கவலை வேண்டாம், காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழக நூலகம் உங்களுக்குக் கூப்பிடு தூரம், 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு ஆயிரக்கணக்கான ஜர்னல்கள் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. நூலகரிடம் விவரத்தைச் சொல்லிக் கேளுங்கள். அறிவியலுக்குப் பணம் கொடுப்பது உங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை, அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அதே ஊரில்தான் இருக்கிறது, அங்கே உள்ளவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டால் மதிப்பிட ஆள் சொல்வார்கள்.

என் மனசு யார் பக்கம் என்று கேட்டால், இப்போதைக்கு இரண்டாமவரின் பக்கம் சாய்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் வார்டையும் பார்த்துக்கொண்டு, வகுப்பும் எடுத்துக்கொண்டு, ஒரே காய்ச்சலை விடாமல் பின்தொடர்ந்திருக்கிறார். ஸ்கரப் டைஃபஸைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையில் குணமாகும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து, ஆகவே கண்டுபிடிக்கும் வழியை எளிதாக்குவது நேரடியாக உயிர் காக்கும் வேலை. ஆனால் எண் சின்னதாக இருப்பதே ஒரு தகுதி என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய 34 கட்டுரைகளும் இத்தனை நோயாளிகள் வந்தார்கள், இத்தனை பேருக்கு இன்ன அறிகுறி என்ற கணக்கெடுப்பாக மட்டும் இருக்கலாம், முதலாமவரின் 243-க்குள் நிஜமாகவே புதிய ஒன்று ஒளிந்திருக்கலாம், மூன்றாமவர் தரவு சேகரித்த முறையே ஒரு பாடமாக இருக்கலாம். படிக்காமல் யாராலும் சொல்ல முடியாது, நானும் அவர்களுடைய கட்டுரைகளை இன்னும் படிக்கவில்லை.

இதெல்லாம் செய்ய இரண்டு மாதமாவது ஆகும். பிள்ளையார் நோன்புக்குள் முடியாவிட்டால் அன்றைக்குப் பரிசை அறிவிக்க மட்டும் செய்துவிட்டு, கொடுப்பதைத் தைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், பழனிக்கு நடைப்பயணம் போனவர்களும் திரும்பியிருப்பார்கள். விழாவில் பரிசு பெறுகிறவரைத் தன் வேலையைப் பற்றி அரை மணி நேரம் தமிழில் பேசச் சொல்லி, நீங்கள் பாடம் எடுத்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். அந்த மூன்று பேருக்கான கடிதத்தின் வரைவை எழுதி அனுப்புங்கள், ஒரு தடவை பார்த்துத் திருத்தித் தருகிறேன்.